ஒரே படத்தில் ஊரையே அடைக்காதீர்கள்

எங்கள் அலுவலகத்தில் நெட்வொர்க் ஆட்கள் உட்காரும் பகுதியின் சுவரில், ஏ0 தாளில் ஒரு டயகிராம் ஒட்டியிருக்கிறது. அகலம் 1189 மில்லிமீட்டர், உயரம் 841. சுவிட்சுகள், ரவுட்டர்கள், ஃபயர்வால்கள், ஒவ்வொரு கோட்டின் மேலும் போர்ட் எண், ஐபி முகவரி, வி-லேன் (ஒரே சுவிட்சுகளுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) எண் என்று சகலமும் அதில் உண்டு. வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வந்தால் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு லிங்க் விழுந்தால் மட்டும் எங்களில் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

படம் தப்பு என்று சொல்ல வரவில்லை. வரைந்தவர் நல்ல உழைப்பாளி. ஒட்டிய அன்று அதிலிருந்த ஒவ்வொரு எண்ணும் சரி. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நெட்வொர்க்கைப் பற்றி வருகிற கேள்விகள் ஒரே ரகம் கிடையாது. கேபிள் போட வரும் அண்ணனுக்கு எந்த ரேக், அதில் எத்தனையாவது யூ (தட்டு), கேபிள்கள் வந்து முடிகிற பேட்ச் பேனலில் எந்த ஓட்டை என்று தெரிந்தால் போதும். ஐபி முகவரியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ‘மூன்றாவது மாடியில் பாதிப் பேருக்கு நெட் வரவில்லை’ என்று டிக்கெட் வந்தால், அந்த வி-லேன் எந்தெந்த சுவிட்சில் போகிறது, டிராஃபிக் வட்டமடிக்காமல் தடுக்கிற ஸ்பானிங் ட்ரீ எந்தப் போர்ட்டை அடைத்து வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். டேட்டா சென்டருக்குப் போகிற டிராஃபிக் வழி மாறிவிட்டது என்றால் சுவிட்சுகளே கண்ணில் பட வேண்டாம். ரவுட்டர்கள், சப்நெட்டுகள் (முகவரித் தொகுதிகள்), வழி தேர்ந்தெடுக்க ரவுட்டர்கள் பயன்படுத்துகிற ஓஎஸ்பிஎஃப் காஸ்ட், யார் யாரோடு பிஜிபி (இதுவும் வழி சொல்லும் நெறிமுறைதான்) பேசுகிறார்கள், இவ்வளவுதான் தேவை. மேலாளருக்கு இதில் எதுவுமே வேண்டாம். ‘இந்த லிங்க் போனால் சம்பளம் போடுகிற மென்பொருள் நிற்குமா, நிற்காதா?’ என்பது மட்டும்தான் அவர் கேள்வி.

நாலு கேள்விக்கு நாலு படம் வேண்டும். கேபிள் படம் எல்-1, சுவிட்ச் படம் எல்-2, ரவுட்டர் படம் எல்-3, மேலாளருக்கானது சர்வீஸ் படம். இதை ஒப்புக்கொள்ள வைப்பதற்கே எங்கள் குழுவில் பெரிய பஞ்சாயத்து நடந்தது. ‘எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால்தானே வசதி’ என்பார்கள். ஒரே இடத்தில் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே தாளில் எதற்கு?

என் அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பெங்களூரில் மேஸ்திரியாக இருந்தவர். அல்சூரில் எங்கள் வீட்டுப் பரணில் அவருடைய பழைய பிளான் சுருள்கள் இன்னும் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்கு எஞ்சினியர் ஒரே ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. தரைத்தளப் பிளான் ஒன்று, எலிவேஷன் ஒன்று, காலம் (தூண்) எங்கெங்கே வரும் என்று ஒன்று, கம்பி கட்டுவதற்கான அட்டவணை ஒன்று, பைப் லைனுக்கு ஒன்று, கரண்ட் வயரிங்குக்கு ஒன்று. அத்தனை தாளிலும் மாறாமல் வருவது காலம் எண். சி-7 என்றால் எல்லாத் தாளிலும் சி-7தான். கம்பி கட்டுகிறவர் அட்டவணையில் சி-7ஐப் பார்ப்பார்; சென்ட்ரிங் போடுகிறவர் பிளானில் சி-7ஐத் தேடுவார்; பைப் போடுகிறவர் சி-7ஐ விட்டு விலகிப் போவார். எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து கொடுங்கள் என்று எந்த மேஸ்திரியும் கேட்டதில்லை. கட்டடத் தொழிலில் என்றைக்கோ தீர்ந்துபோன விஷயத்தில் நாங்கள் ஏன் இன்னும் முட்டி மோதிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

இத்தனைக்கும் நெட்வொர்க் தொழிலுக்கும் இது புதிதல்ல. இணையத்தின் மூதாதையான அர்பாநெட்டில் 1969 டிசம்பரில் நாலே நாலு முனைகள்: லாஸ் ஏஞ்சலிஸிலும் சாண்டா பார்பராவிலும் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையம், யூட்டா பல்கலைக்கழகம். அதற்கு ஒரு துண்டுத்தாள் போதும். எழுபதுகளில் முனைகள் பெருகியதும் இரண்டு விதமான வரைபடங்கள் வெளிவர ஆரம்பித்தன. ஒன்று, அமெரிக்க வரைபடத்தின் மேல் கோடு இழுத்த பூகோளப் படம். மற்றது லாஜிக்கல் படம். அதில் அமெரிக்காவே இருக்காது, எந்த முனை எதோடு சேர்கிறது, எந்த முனையில் எந்தக் கணினி ஒட்டியிருக்கிறது என்பது மட்டும் பெட்டி பெட்டியாக இருக்கும். முனைகளின் பெயரை வைத்து ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம். 1977 மார்ச் மாத லாஜிக்கல் படத்தைத் தேடிப் பாருங்கள். இன்றைக்கும் வாசிக்க முடிகிறது.

சரி, நாலு படம் வரைந்துவிட்டால் தீர்ந்ததா என்றால், நிஜமான தலைவலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு படத்தில் இருக்கிற பொருள் இன்னொரு படத்தில் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துவதில்லை. எல்-3 படத்தில் பெல்லந்தூர் அலுவலக ரவுட்டருக்கும் டேட்டா சென்டர் ரவுட்டருக்கும் நடுவில் ஒரே ஒரு கோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்-2 படத்தில் அது இரண்டு போர்ட்டைச் சேர்த்துக் கட்டிய போர்ட் சேனலாக இருக்கும். எல்-1க்கு இறங்கினால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு பேட்ச் கார்டு (குட்டிக் கேபிள்), ஒரு பேனல், மாடியிலிருந்து கீழே இறங்குகிற ஃபைபர், கீழ்த்தளத்தில் ஃபைபர்கள் வந்து சேர்கிற ஓடிஎஃப், அங்கிருந்து சர்வீஸ் புரொவைடரின் பெட்டி என்று அந்த ஒரு கோடு துண்டு துண்டாகிவிடும். தலைகீழாகவும் நடக்கும். ரேக்கில் இருப்பது ஒரே ரவுட்டர். உள்ளே மூன்று விஆர்எஃப் (தனித்தனி ரவுட்டிங் அட்டவணை) இருந்தால் எல்-3 படத்தில் அது மூன்று தனி ரவுட்டர். ஒன்றுக்கு ஒன்று துணையாக நிற்கிற ஃபயர்வால் ஜோடி இதற்கு நேர்மாறு. ரேக்கில் இரண்டு பெட்டி, எல்-3இல் ஒரே பெட்டி, ஒரே முகவரி.

ரவுட்டர்களுக்கு மேலே டனல் போட்டு வி-லேன் மாதிரி நெட்வொர்க்குகளை நீட்டுகிற விஎக்ஸ்லேன் வந்தபிறகு இது இன்னும் மோசமாகிவிட்டது. வி-லேன் எண்ணுக்கு 12 பிட்தான் இடம், அதனால் 4094க்கு மேல் போக முடியாது. விஎக்ஸ்லேனுக்கு 24 பிட். ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் வரை எண்கள் கிடைக்கும். அவ்வளவையும் யாரும் பயன்படுத்தப் போவதில்லை, அது வேறு விஷயம். ஆனால் ஒரு டனல் எந்தக் கேபிள் வழியாகப் போகிறது என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. மற்ற சுவிட்சுகளை நடுவில் இணைக்கிற ஸ்பைன் சுவிட்ச் நாலு இருந்தால் நாலு வழியிலும் பிரிந்து போகும். அதை ஒரு கோடாக எப்படி வரைவது?

இந்த ‘ஒன்றுக்குப் பல, பலவற்றுக்கு ஒன்று’ உறவை எங்கே எழுதி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எல்லாவற்றையும் படத்திலேயே எழுதினால் சுவரில் இருக்கும் அந்த ஏ0 தாள் மாதிரி ஆகிவிடும். எங்குமே எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்களிடம் ஒரு கதை இருக்கிறது.

டேட்டா சென்டருக்கு எங்களுக்கு இரண்டு லிங்க். இரண்டும் வேறு வேறு நிறுவனங்களுடையவை, பெயர் வேண்டாம். ‘தனித்தனிப் பாதை’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியது. எல்-3 படத்தில் ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு. ஒன்றையொன்று தொடாமல் அழகாக வளைந்து ஒயிட்ஃபீல்டு போய்ச் சேரும். ஒரு மழைக்கால மாலையில் ரிங் ரோட்டில் பொக்லைன் வைத்துப் பள்ளம் தோண்டினார்கள். (பெங்களூரில் பள்ளம் தோண்டாத மாதம் எது என்று கேட்காதீர்கள்.) நீலமும் ஆரஞ்சும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. இரண்டாவது நிறுவனம், கடைசிக் கொஞ்ச தூரத்துக்குத் தானாகக் குழாய் பதிக்காமல் முதல் நிறுவனத்தின் குழாயிலேயே வாடகைக்குப் போயிருந்தது. எங்கள் வளாகத்துக்குள் நுழைகிற டக்ட்டும் (கேபிள் போகிற குழாய்) இரண்டுக்கும் ஒன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தகவலில் பாதி எங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. பராமரிப்புப் பிரிவு வைத்திருந்த ஆட்டோகேட் படத்தில், தெற்கு கேட் பக்கமிருந்து வருகிற ஒரே டக்ட்டில் இரண்டு ஃபைபரும் போவது பளிச்சென்று தெரிகிறது. நெட்வொர்க் படத்தில் இரண்டு லிங்க்கும் தனித்தனி. இரண்டு படமும் அதனதன் அளவில் சரி. ஆனால் ஒன்றை வைத்து இன்னொன்றைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அவர்கள் படத்தில் ஃபைபருக்கு ‘எஃப்ஓ-2’ என்று ஒரு பெயர். எங்கள் படத்தில் அதே லிங்க்குக்குப் பதினாலு எழுத்தில் ஒரு சர்க்யூட் ஐடி. இரண்டும் ஒரே கண்ணாடி நூல் என்று எழுதிய தாள் உலகத்திலேயே கிடையாது.

ஒன்று அறுந்தால் கூடவே போகிறவற்றை ஒரு குழுவாகச் சேர்த்து அதற்கு ஓர் எண் கொடுப்பதை ‘ஷேர்டு ரிஸ்க் லிங்க் குரூப்’ என்று நெட்வொர்க் பாடத்தில் சொல்லித் தருவார்கள். தேர்வுக்குப் படிக்கும்போது ரவுட்டருக்குள் போடுகிற ஒரு கட்டளையாகத்தான் அது மனதில் நிற்கும். அந்த எண்ணை யாராவது டக்ட்டைப் பார்த்து எழுதினால்தானே ரவுட்டருக்குத் தெரியும்?

அதன்பிறகுதான் எங்கள் படங்களில் நான் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்க ஆரம்பித்தேன். மேல் படத்திலிருந்து கீழ் படத்துக்குப் போகிற கிளிக் லிங்க்கை யார் வேண்டுமானாலும் வைத்துவிடுவார்கள். மொத்தப் படத்தில் ‘பெல்லந்தூர்’ என்ற மேகத்தைக் கிளிக் செய்தால் பெல்லந்தூர் படம் திறக்கும். அதில் மூன்றாவது மாடியைக் கிளிக் செய்தால் அந்த மாடி திறக்கும். கணினி அறிஞர் பென் ஷ்னைடர்மன் 1996இல் எழுதி, காட்சிப்படுத்தல் துறையில் எல்லாரும் மந்திரம் மாதிரி சொல்கிற வரிசையும் இதுதான்: முதலில் மொத்தப் பார்வை, அப்புறம் பெரிதாக்கு, வடிகட்டு, கேட்டால் விவரம் கொடு. நல்ல மந்திரம். பகல் நேரத்துக்கு, மீட்டிங்குக்கு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு, எல்லாருக்கும் பொருந்தும். ஆனால் பிரச்சினை என்று வரும்போது நாங்கள் நிற்பது மேலே இல்லை. கையில் ஒரு கேபிளைப் பிடித்துக்கொண்டோ, சிவப்பாக மினுக்குகிற ஒரு போர்ட்டைப் பார்த்துக்கொண்டோ கீழே நிற்கிறோம். அங்கிருந்து மேலே போகிற வழியைத்தான் யாரும் போட்டு வைப்பதில்லை.

ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற தம்பி ஒருவன் எங்கள் குழுவில் இருக்கிறான். கீழ்த்தளத்தில் பழைய ஓடிஎஃப்பைக் காலி செய்கிற வேலை நடந்தபோது அங்கிருந்து போன் செய்தான்.

“அக்கா, இங்க ஒரு மஞ்சள் பேட்ச் கார்டு இருக்கு. இதையும் உருவிடலாமாங்கறாங்க.”

“லேபிள்ல என்ன நம்பர் போட்டிருக்கு?”

“2217.”

“நெட்பாக்ஸ்ல போட்டுப் பாரு தம்பி. மேல என்ன தொங்குதுன்னு பாத்துட்டு அப்புறம் உருவு.”

எங்கள் கேபிள், கருவி விவரமெல்லாம் இருக்கிற டேட்டாபேஸ்தான் நெட்பாக்ஸ். அவன் போனிலேயே பார்த்தான். 2217க்கு மேலே ஒரு போர்ட், அதற்கு மேலே ஒரு போர்ட் சேனல், அதற்கு மேலே வருகைப்பதிவு எந்திரங்களின் வி-லேன். உருவியிருந்தால் மறுநாள் காலை கேட்டில் கார்டு தேய்க்கிற வரிசை ரிங் ரோடு வரை போயிருக்கும்.

அந்த லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ‘ரேக் 4, பேனல் 2, ஓட்டை 17-லிருந்து’ என்று விலாசம் எழுதுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, தரநிலைகளும் அதற்கு ஆதரவாகத்தான் பேசுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் அவசரத்தில் பேட்ச்சை மாற்றிக் குத்தினால் அந்த விலாசம் அன்றைக்கே பொய்யாகிவிடும். வெறும் எண்ணுக்கு அந்த ஆபத்து இல்லை. எங்கே போகிறது என்பதை டேட்டாபேஸ் சொல்லட்டும்.

படம் வரைகிற மென்பொருளுக்கு வருகிறேன். எங்கள் வயதுக்காரர்கள் பெரும்பாலும் விசியோவில் ஆரம்பித்திருப்போம். 1992இல் வந்தது, 2000இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. பக்கத்துக்குப் பக்கம் லிங்க் கொடுப்பது, வடிவத்துக்குள் தகவலை வைப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் லைசன்ஸ் இருப்பவர் ஒருவர், பார்க்க வேண்டியவர்கள் முப்பது பேர் என்கிற நிலைமையில் அது ஒருவருடைய சொத்தாகிவிடுகிறது.

இப்போது கையால் வரைகிற எதையும் டிரா.ஐஓவில் வரைகிறோம். ஒரே கோப்பில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு பெட்டிக்கு லிங்க் கொடுக்கும்போது வெளி முகவரிக்குப் பதிலாக அதே கோப்பின் இன்னொரு பக்கத்தைக் காட்டிவிடலாம். ‘எடிட் டேட்டா’வில் கேபிள் எண், சர்க்யூட் ஐடி, டக்ட் எண் எல்லாம் போட்டு வைத்தால், மவுஸை மேலே கொண்டுபோகும்போது மட்டும் தெரியும், படத்தில் எழுத்து நெரிசல் பாதியாகக் குறைந்துவிடும். கஸ்டம் லிங்க் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. அதைக் கிளிக் செய்தால் ஒரு லேயரைக் காட்டு, மறை, குறிப்பிட்ட பொருட்களை மினுக்கிக் காட்டு என்றெல்லாம் செய்ய வைக்கலாம். டக்ட் படத்தில் ‘தெற்கு டக்ட்’ என்ற பெட்டியைத் தட்டினால் அதற்குள் போகிற எல்லா ஃபைபரும் மினுக்கும்படி வைத்தோம். இன்னொரு வசதி, கோப்பு எக்ஸ்எம்எல் என்கிற எழுத்து வடிவில் இருப்பதால் சுருக்காமல் சேமித்து, மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் (Git) மென்பொருளில் போட்டுவிட்டால் யார் எந்தக் கோட்டை எப்போது மாற்றினார்கள் என்று தெரியும்.

லேயரா, தனிப் பக்கமா என்று அடிக்கடி சண்டை வரும். என் கணக்கு இது. பொருட்கள் நிற்கிற இடம் மாறாவிட்டால் லேயர். ரேக் படத்தின் மேல் கரண்ட் இணைப்பைக் காட்டுவது, மாடிப் பிளானின் மேல் வைஃபை ஏபிக்களை (அக்சஸ் பாயின்ட்) காட்டுவது, இதற்கெல்லாம் லேயர் அருமையாகப் பொருந்தும். இடமே மாற வேண்டும் என்றால் தனிப் பக்கம். எல்-2வையும் எல்-3யையும் ஒன்றன்மேல் ஒன்றாக லேயரில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இருபது சுவிட்சில் பரவிக் கிடக்கிற ஒரு வி-லேன், எல்-3இல் ஒரே ஒரு கோடு. இரண்டுக்கும் ஒரே இடத்தை எப்படிக் கொடுப்பது? கடைசியில் இரண்டுமே புரியாமல் போகும்.

கையால் வரைவதற்கு ஒரு எல்லை உண்டு. சில நூறு பெட்டிகளைத் தாண்டியதும் லிங்க்குகளைப் பராமரிக்கவே தனி ஆள் தேவைப்படும். அதனால் உண்மையான தகவலைப் படத்தில் வைக்காமல் நெட்பாக்ஸில் வைத்தோம். டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்துக்குள் உருவாகி 2016இல் திறமூலமாக வெளிவந்த மென்பொருள். இடம், ரேக், கருவி, இன்டர்ஃபேஸ், கேபிள், வி-லேன், விஆர்எஃப், சப்நெட், சர்க்யூட் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாக இடமிருக்கிறது. பேட்ச் பேனலின் முன் ஓட்டை, பின் ஓட்டையைக்கூடத் தனியாகப் பதிவு செய்யலாம். ஒரு போர்ட்டில் ‘ட்ரேஸ்’ கொடுத்தால், நடுவில் எத்தனை பேனல் இருந்தாலும் தாண்டி மறுமுனை வரை காட்டும். ரேக்கின் முன்பக்கப் படத்தையும் பின்பக்கப் படத்தையும் அதுவே வரைந்துவிடும்.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, ஒவ்வொரு பொருளுக்கும் அது உள்ளுக்குள் ஓர் எண் கொடுக்கிறது என்பது. சுவிட்சின் பெயர் மாறும். எங்கள் சுவிட்சுகளின் பெயரில் மாடி எண் இருக்கிறது. நிர்வாகம் ஒரு குழுவை மூன்றிலிருந்து ஐந்துக்கு மாற்றினால் பெயரும் மாறிவிடும். பெயரை வைத்து லிங்க் கொடுத்த படங்களெல்லாம் அன்றைக்கே செத்துவிடும். உள் எண்ணை வைத்துக் கொடுத்தவை அப்படியே ஓடும். அப்பாவின் சி-7, சுவருக்கு எந்தப் பெயின்ட் அடித்தாலும் சி-7தான்.

நெட்பாக்ஸிலிருந்து ஏபிஐ (நிரல்கள் தகவல் கேட்கிற வாசல்) வழியாகத் தகவலை எடுத்து, ஒரு பைத்தான் நிரல் கிராஃப்விஸ்ஸுக்குக் கொடுக்கும். கிராஃப்விஸ் ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் பிறந்த பழைய மென்பொருள். எது எதோடு சேர்கிறது என்று எழுதிக் கொடுத்தால் படத்தை அதுவே வரையும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு யூஆர்எல் கொடுத்து எஸ்விஜி வகைப் படமாக எடுத்தால், பெட்டியைக் கிளிக் செய்ததும் நெட்பாக்ஸில் அந்தக் கருவியின் பக்கம் திறக்கும். எல்-1, எல்-2, எல்-3, சர்வீஸ் எல்லாமே ஒரே தகவலின் மேல் வேறு வேறு கேள்வி. படங்கள் ராத்திரியில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

இதைச் சொன்னதும் ‘அப்படியானால் வரைகிற வேலையே இல்லையே’ என்பார்கள். இருக்கிறது. தானாக அடுக்குகிற மென்பொருளில் ஒரு கொடுமை உண்டு: ஒரே ஒரு புதுச் சுவிட்சைச் சேர்த்தால் மொத்தப் படமும் குலுங்கி இடம் மாறிவிடும். நேற்று இடது மூலையில் இருந்த கோர் சுவிட்ச் இன்றைக்கு நடுவில் வந்து நிற்கும். மனிதர்கள் நெட்வொர்க்கை இடத்தை வைத்துத்தான் ஞாபகம் வைக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் பார்ப்பவருக்கு ‘வலது பக்கம் ஒயிட்ஃபீல்டு’ என்பது கண்ணை மூடிக்கொண்டு தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு முக்கியக் கருவிக்கும் அது நிற்கிற இடத்தை நாங்களே முடிவு செய்து நெட்பாக்ஸில் இரண்டு கூடுதல் கட்டங்களில் எழுதி வைத்தோம். கிராஃப்விஸ்ஸில் இருக்கிற நீட்டோ என்கிற நிரலுக்கு அந்த இடங்களைக் கொடுத்துவிட்டு, ‘எதையும் நகர்த்தாதே, கோடு மட்டும் போடு’ என்று சொல்லிவிடலாம். எல்லாப் படத்திலும் ஒயிட்ஃபீல்டு கிழக்கே, எலக்ட்ரானிக் சிட்டி தெற்கே. ஊரில் இருக்கிற மாதிரியே. கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதைக் குறைப்பது வாசிப்பவருக்கு எவ்வளவு உதவுகிறது என்று ஆய்வாளர் ஹெலன் பர்ச்சேஸ் 1997இல் சோதித்துக் காட்டியிருக்கிறார். அதனால் படத்தைச் சமமாக அடுக்குவதைவிட, நிறம் போடுவதைவிட, வெட்டுகளைக் குறைப்பதை முதலில் கவனிக்கிறோம்.

தகவல் பழசாகாமல் இருக்க எல்எல்டிபி என்கிற நெறிமுறை உதவுகிறது. ஒவ்வொரு சுவிட்சும் ‘நான் இன்னார், இந்தப் போர்ட்டிலிருந்து பேசுகிறேன்’ என்று பக்கத்துச் சுவிட்சுக்குச் சாதாரணமாக 30 விநாடிக்கு ஒருமுறை சொல்லும். அதைத் திரட்டி நெட்பாக்ஸோடு ஒப்பிட்டு, முரண்படுகிற கோடுகளைப் படத்தில் சிவப்பில், விட்டுவிட்டு வரும் கோடாகப் போடுகிறோம். நிறம் மட்டும் போதாது. சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத ஒருவர் எங்கள் ஷிஃப்ட்டிலேயே இருக்கிறார். ஆனால் எல்எல்டிபி சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேட்ச் பேனலுக்கு உயிர் கிடையாது, அதனால் அது எல்எல்டிபி கண்ணில் படவே படாது. நடுவில் யாராவது மேஜைக்கடியில் ஒரு மலிவு சுவிட்சைச் சொருகியிருந்தால் இன்னும் தமாஷ். ஒழுங்கான சுவிட்ச் எல்எல்டிபி செய்தியைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளும். சில மலிவு சுவிட்சுகள் அப்படியே தாண்டி விட்டுவிடும். இரண்டு பெரிய சுவிட்சும் நேரடி அண்டை வீட்டுக்காரர்கள் என்று படம் சொல்லும், நடுவில் எஸ்பி ரோடு கடையில் வாங்கிய ஒரு மலிவு சுவிட்ச் மறைந்திருக்கும். நேரில் போய்ப் பார்ப்பதற்கு மாற்றே கிடையாது.

பல படங்களாகப் பிரித்ததில் எதிர்பாராத லாபம் ஒன்று. யாருக்கு எது தேவையோ அதை மட்டும் கொடுக்க முடிகிறது. ஃபைபர்காரருக்கு டக்ட் படம். அதில் ஒரு ஐபி முகவரிகூட இருக்காது. சுவரில் இருக்கிற படத்தின் முன்னால் நின்று போட்டோ எடுப்பவர்கள் என்னவெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்கும். ஆடிட்டர்களுக்கும் இது பிடித்துவிட்டது. கார்டு பணப் பரிவர்த்தனைக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதிகளே நெட்வொர்க் படம் ஒன்று, கார்டுத் தகவல் எந்த வழியாகப் போகிறது என்கிற டேட்டா ஃப்ளோ படம் ஒன்று என்று இரண்டாகத்தான் கேட்கின்றன.

இன்னும் சரியாக உட்காராதது கிளவுட். எங்கள் சர்வீஸ்களில் சில அமேசானின் மும்பை ரீஜியனில் ஓடுகின்றன. எல்-3 படத்தில் அதற்கு இடம் இருக்கிறது, எல்-1இல் கிடையாது. அங்கே எந்த டக்ட், எந்த ரேக் என்று யாரும் நமக்குச் சொல்லப் போவதில்லை. கீழிருந்து மேலே வருகிற வழி, நாங்கள் வாங்கியிருக்கிற நேரடி இணைப்பின் சர்க்யூட் எண்ணோடு முடிந்துவிடுகிறது. அங்கேயும் பெயர் விவகாரம் விட்டபாடில்லை. ‘ஏபி-சவுத்-1ஏ’ என்கிற அவைலபிலிட்டி ஸோன் (ரீஜியனுக்குள் ஒரு டேட்டா சென்டர் தொகுதி), இரண்டு கணக்குகளில் இரண்டு வேறு இடங்களைக் குறிக்கலாம். எங்களுக்கோ டெவலப்மென்ட்டுக்கு ஒரு கணக்கு, புரொடக்‌ஷனுக்கு ஒரு கணக்கு. இரண்டிலும் ‘1ஏ’ என்றிருந்ததைப் பார்த்து ஒரே பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தான் தம்பி. அமேசானே ஒவ்வொரு ஸோனுக்கும் கணக்குக்குக் கணக்கு மாறாத இன்னொரு ஐடியும் தருகிறது. அதை நெட்பாக்ஸில் ஏற்றி, படத்தில் அந்தப் பெட்டியை இரண்டாகப் பிரிக்கிற வேலை இந்த வாரம் போய்க்கொண்டிருக்கிறது.